உதிர்க்கத் தெரிந்த டீச்சர்

இரும்புலியூரில் வீடு பார்க்கப் போன எங்களிடம் அந்த வீட்டுக்காரம்மா சாதி கேட்கவில்லை. கறி மீன் சமைப்பீர்களா என்று கேட்கவில்லை. ஊரிலிருந்து யாராவது வந்து மாதக்கணக்கில் தங்குவார்களா என்றும் கேட்கவில்லை. வாசலில் பிரம்பு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "இலையுதிர் மரம்னா என்ன?" என்றார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை. கல்யாணமான புதிது. மாம்பலத்தில் ஒற்றை அறையில் மூச்சு முட்டிப்போய், தாம்பரம் பக்கம் போனால் காற்றும் வரும் வாடகையும் குறைவு என்று யாரோ சொன்னதை நம்பி மின்சார ரயிலேறி வந்திருந்தோம். வீட்டு உரிமையாளரிடமிருந்து இப்படி ஒரு கேள்வி வரும் என்று அந்த யாரோ சொல்லவில்லை.

"இலை உதிர்ற மரம்" என்றேன்.

தப்பு என்றார். என் மனைவி கோமதியின் பக்கம் திரும்பினார். அவள் பள்ளிக்கூடத்தில் படித்ததை யோசித்து, குளிர்காலத்தில் இலை கொட்டிவிடும் மரம் என்றாள். அதுவும் தப்பு.

"இலை தானா உதிராது தம்பி. மரம் உதிர்க்கும். காம்போட அடியில மரமே குறுக்கால ஒரு சுவர் எழுப்பும். தண்ணி நிக்கும், சத்து நிக்கும். அப்புறம் காத்து வந்து தொட்டாப் போதும். பச்சைக் கிளைய ஒடிச்சுக் கீழ போட்டுப் பாருங்க, இலை காஞ்சு கருகி அதுலயே ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். உதிர்க்கறதுக்கு உசிர் வேணும்."

இரண்டு பேருமே தோற்றுப்போனாலும் வீட்டைக் கொடுத்துவிட்டார். அந்தக் கேள்விக்கு அதுவரை ஒருவரும் சரியாகப் பதில் சொன்னதில்லை என்று பின்னால் தெரிந்தது. ஒரே ஒருவர் மட்டும் 'உதிர்க்கிற மரம்' என்று டக்கென்று சொல்லியிருக்கிறார். யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

அவர் ஒரு பெண்கள் பள்ளியில் தாவரவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகன் மஸ்கட்டில். தெருவே அவரை பாட்டனி டீச்சர் என்றுதான் சொல்லும். வீட்டின் முன்பக்கம் ஒரு போர்ஷன், பின்பக்கம் ஒரு போர்ஷன், நடுவில் ஓர் அறையும் சமையலறையுமாக அவர். முன்வாசலில் கேட்டை மறைத்துக்கொண்டு ஒரு பாதாம் மரம். நாங்கள் குடிபோன பின்போர்ஷனுக்கு ஒரு மாமரம் நிழல்.

அட்வான்ஸை வாங்கிக்கொள்ளும்போது, "வாசல் மரம் இலையை உதிர்க்கிற வரைக்கும் இருக்கலாம்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னதால் நாங்களும் சிரித்தோம். ஊர் முழுக்கப் பதினோரு மாத ஒப்பந்தம் போட்டுப் பல வருஷம் இருக்கிறார்கள், இது அந்த மாதிரி ஒரு பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அது பேச்சு இல்லை. ஒவ்வொரு மாசியிலும் பாதாம் இலைகள் சிவக்கும்போது டீச்சர் தன்னைச் சுற்றி இருப்பதையெல்லாம் உதிர்ப்பார். பால்காரரை நிறுத்துவார். அவர் பாலில் தண்ணீர் கலந்தார் என்றில்லை, மரம் சிவந்துவிட்டது, அவ்வளவுதான். பால்காரர் அதை வருடாந்தர விடுமுறையாக எடுத்துக்கொண்டு குலதெய்வம் கோயிலுக்குப் போய்வந்து, பங்குனியில் புதுத் துளிர் விட்டதும் அறிமுகமில்லாத ஆள் மாதிரி வாசலில் நின்று, பால் வேணுமாம்மா என்று கேட்பார். டீச்சரும் அவரிடம் எந்தத் தெரு, எத்தனை மாடு என்றெல்லாம் விசாரித்து வேலையில் சேர்த்துக்கொள்வார். நாளிதழ் மாறும். சர்ச்சில் பாடகர் குழு பொறுப்பை ராஜினாமா செய்வார். எதிர்வீட்டுக் குழந்தைக்குப் பால்பல் ஆடினால் அதை அவர்தான் போய்ப் பார்ப்பார், இலையுதிர் மரத்துக்கு இங்கிலீஷில் சொல்லும் 'டெசிடுவஸ்' என்ற அதே வார்த்தைதான் பால்பல்லுக்கும் என்று குழந்தையின் அம்மாவுக்கு விளக்குவார்.

வீட்டில் குடியிருப்பவர்களையும் அப்படித்தான். சண்டை இல்லை, வாடகையை ஏற்றிக் கேட்பதில்லை, குறை சொல்வதில்லை. நல்லவர்களாக இருந்தாலும் அனுப்பிவிடுவார். போகச் சொல்ல வரும்போது கையில் ஒரு தட்டு அச்சு முறுக்கு இருக்கும், ரொம்ப நல்லவர்கள் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

எங்களுக்கு முதலில் இதைச் சொன்னது மீன்பாடி வண்டிக்காரர் தாஸ். முன்பக்கம் சக்கரத்தின்மேல் பலகை வைத்த அந்த மூன்று சக்கர வண்டியில் தாம்பரம் வட்டாரத்தில் பாதிப் பேருக்கு வீடு மாற்றியவர் அவர். தை கடைசியில் ஒரு காலை நான் வேலைக்குக் கிளம்பியபோது பாதாம் மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இல்ல சார், பாதி செவந்துகீது. உங்க வூட்ல பீரோ பெர்சா சிர்சா? ரெண்டு நடையா, ஒரே நடையான்னு கணக்கு வச்சிக்கினா சௌகரியம்."

எதற்கு என்று கேட்டதும் அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்த வீட்டில் வருஷத்துக்கு நாலு நடை அவருக்கு நிச்சயம். காலி பண்ணுகிறவர்களுக்கு ரெண்டு, வருகிறவர்களுக்கு ரெண்டு. பாதாம் மரம் இருக்கிற வரைக்கும் தன் பிழைப்புக்குக் குறைவில்லை என்றார்.

அடுத்த வாரமே டீச்சர் ஒரு தட்டு நிறைய அச்சு முறுக்கோடு வந்தார். கோமதிக்கு அப்போது ஏழாவது மாதம். அவளுடைய அம்மா தன் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்ததால் பிரசவத்துக்கு அங்கே அனுப்ப வழியில்லாமல், என் மாமியாரே விழுப்புரத்திலிருந்து எங்களோடு வந்து தங்கியிருந்தார். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும்போது வீடு மாற்றக்கூடாது, குலத்துக்கே ஆகாது என்று மாமியார் கண்ணீர் விட்டார். டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தானும் கொஞ்சம் கண்கலங்கினார். பக்கத்துத் தெருவில் தானே ஒரு வீடு பார்த்து வைத்திருப்பதாகவும், கோமதி ஒரு சாமானையும் தொட வேண்டாம், நாற்காலியில் உட்காரவைத்தே தூக்கிக்கொண்டு போகலாம் என்றும் ஆறுதல் சொன்னார். வீட்டை விட்டு அனுப்புகிறவரும் போகிறவர்களும் சேர்ந்து அழுது, நடுவில் அச்சு முறுக்கைத் தின்றுகொண்டிருந்த அந்தச் சாயங்காலத்தில் யார் மேல் கோபப்படுவது என்று எனக்குப் புரியவில்லை.

எனக்குத் தெரிந்த வழியில் போராடினேன். தண்ணீர் குறைந்தால்தான் மரம் இலையைக் கொட்டும் என்று கம்பெனியில் ஒருவர் சொன்னதை நம்பி, அடிபம்பில் குடம் குடமாக அடித்துப் பாதாம் மரத்துக்கு ஊற்றினேன். முன்போர்ஷனில் இருந்த பேங்க் கிளார்க்கும் சேர்ந்துகொண்டார். அவர் பெண்ணுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. ரெண்டு ஆண்பிள்ளைகள் வேலைக்குப் போகும் முன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதைத் தெருவே நின்று பார்த்தது. டீச்சரும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார், வேருக்கு நல்லது என்றார். மரம் அந்த வருஷம் வழக்கத்தைவிட வேகமாகச் சிவந்தது.

வீட்டைக் காப்பாற்றியது கோமதி. ஒரு காலையில் டீச்சர் அவளுக்குக் கஷாயம் கொண்டுவந்திருந்தார். கோமதி கொல்லைப்பக்கம் மாவிலைச் சருகைக் கூட்டிக் குவித்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள்.

"டீச்சர், மாமரம் இலை உதிர்க்காதா?"

"யார் சொன்னா? எப்பவும் பச்சையா இருக்கற மரமும் உதிர்க்கும். ஒரேடியா செய்யாது. புதுத் தளிர் வந்து முத்தினப்புறம் பழசுல நாலஞ்சு, நாலஞ்சா விடும்."

"புதுசு வர்ற வரைக்கும் பழசு இருக்குமா?"

"இருக்கும்."

"பாதாம் மரம் முன்போர்ஷனுக்கு. எங்க போர்ஷனுக்கு இந்த மரம்தானே டீச்சர் கணக்கு?"

டீச்சர் மாமரத்தைப் பார்த்தார், கீழே குவிந்திருந்த சருகைப் பார்த்தார். கஷாய டம்ளரைக்கூட வாங்கிக்கொள்ளாமல் தன் அறைக்குப் போய்விட்டார். பிறகு சில நாட்கள் வெளியே வரவில்லை. சர்ச்சுக்குப் போகாததைக் கண்டு எதிர்வீட்டார் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் ஒருநாள், பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாதிரி கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். கோமதி சொல்வது சரி, தான் இத்தனை வருஷம் பின்போர்ஷன்காரர்களுக்குத் தப்பான மரத்தைப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. பேங்க் கிளார்க், தானும் மாமரத்தின் கீழ் வந்துவிடுவதாகச் சொல்லிப் பார்த்தார். அவர் வாசலில் பாதாம் இலை முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. டீச்சர் அவர் பெண்ணின் பரீட்சை முடியும் மட்டும் விட்டுவைத்து, பிறகு முறுக்கோடு அனுப்பிவைத்தார்.

ஆனால் எங்களுக்கு வந்தது விடுதலை இல்லை. மாமரத்தின் விதிப்படி நாங்கள் போக வேண்டுமென்றால் புதியவர்கள் வர வேண்டும். ஆகவே டீச்சர் அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆள் கூட்டிவர ஆரம்பித்தார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நாலு பேர் சமையலறைக்குள் எட்டிப்பார்ப்பார்கள். நான் குளியலறையிலிருந்து துண்டோடு வந்தால் ஒரு பெரியவர் ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். வந்தவர்களுக்குக் கோமதி காபி கொடுத்து, மழைக்கு எந்த மூலை ஒழுகும் என்று பொறுமையாகக் காட்டுவாள். அது தந்திரமா, நேர்மையா என்று நான் கேட்டதில்லை. அந்த மூலை ஒழுகத்தான் செய்தது.

சித்திரை வெயிலில் குரோம்பேட்டையிலிருந்து ஒரு இளம் தம்பதி வந்தார்கள். கணவர் டேப் வைத்துச் சுவரை அளந்துகொண்டிருந்தார், அவர்களுடைய பீரோ நிற்குமா என்று பார்க்க. டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த கோமதிக்கு வலி எடுத்துவிட்டது. அப்படியே சுவரோடு சாய்ந்தாள். அந்த மனிதர் அளவை மறக்காமல் ஒருமுறை முணுமுணுத்துவிட்டுத்தான் டேப்பைக் கீழே போட்டார். ஆட்டோவுக்கு ஓடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. புதுக் குடித்தனம் வருகிறது என்று கேள்விப்பட்டுத் தாஸ் வண்டியோடு வாசலில் நின்றிருந்தார். பலகையில் மெத்தையைப் போட்டுக் கோமதியைப் படுக்கவைத்தோம். டீச்சர் பக்கத்தில் ஏறிக் குடை பிடித்துக்கொண்டார். குரோம்பேட்டைக்காரப் பெண் கோமதியின் காலைப் பிடித்துக்கொண்டாள். நானும் அவள் கணவரும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஓடினோம்.

"பீரோ ஏத்தலாம்னு வந்தேன் சார்" என்று தாஸ் மிதித்துக்கொண்டே வருத்தப்பட்டார். "புள்ளத்தாச்சிய ஏத்திகினு போறேன். தொட்டாலே நகரும்னு நெனச்சேன், இன்னா கனம்."

தாம்பரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் எங்கள் மகள் பிறந்தாள். வீடு பார்க்க வந்தவர்கள் மாலைவரை இருந்து, மாமியாருக்கு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இனி இந்த வீட்டுக்குக் குடிவரத் தங்களுக்கு மனசு வராது என்று டீச்சரிடம் சொன்னார்களாம். டீச்சருக்கு அதில் ஏமாற்றம்.

இப்படிப்பட்டவரை எல்லோரும் வெறுத்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று அந்த வீட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணம் மாறிவிடும். அதுவரை அவர் அனுப்பிய குடும்பங்கள் எல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடும். இந்துக்கள், கிறிஸ்தவர்கள், வளர்ந்துவிட்ட பிள்ளைகள், பேரன் பேத்திகள். முதல்முறை சந்திக்கிறவர்கள் ஒருவரையொருவர், நீங்க எந்த மாசி என்று கேட்டுக்கொள்வார்கள், ஒரே கல்லூரியில் படித்தவர்களைப் போல. ஒரே மாசியில் போன முன்போர்ஷனும் பின்போர்ஷனும் பின்னால் சம்பந்தம்கூடச் செய்துகொண்டன. அப்போது குடியிருப்பவர்களுக்கு உட்கார இடமில்லை. நாங்கள் பரிமாற வேண்டும். பேங்க் கிளார்க் அந்த வருஷமே பந்தியில் உட்கார்ந்து, சார் கொஞ்சம் குழம்பு என்று என்னைக் கேட்டார்.

ஒருமுறை பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஏன் எல்லோரையும் இப்படி அனுப்புகிறீர்கள் என்று கோமதி டீச்சரிடம் கேட்டேவிட்டாள். டீச்சர் ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். வீடு கட்டிய புதிதில் ஒரு குடும்பம் வந்ததாம். அந்த வீட்டுப் பெண்ணும் இவரும் ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதம். வருஷங்கள் போயின. பிறகு சாக்கடைத் தண்ணீர் யார் பக்கம் ஓடுகிறது என்பதில் ஒரு பேச்சு வந்தது. பேச்சு நின்றது. கோர்ட்டுக்குப் போனார்கள். காலி பண்ணிப் போன பிறகும் அந்தப் பெண் மார்க்கெட்டில் இவரைக் கண்டால் தெருவைத் தாண்டிப் போய்விடுவாராம். அவர் இறந்த செய்தி வந்தபோது இவரால் போய் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அன்பு இருக்கும்போதே அனுப்பிட்டா திரும்பி வர்றாங்க கோமதி" என்றார். "பாரு, எத்தனை தட்டு கழுவுறோம்."

நாங்கள் அங்கே ஏழெட்டு வருஷம் இருந்தோம். பார்க்க வந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், ஒருவரும் குடிவரவில்லை. முன்போர்ஷனில் ஒவ்வொரு மாசியிலும் முகம் மாறியது. எங்களைப் பார்க்கும்போது டீச்சரின் முகத்தில் ஒரு கலக்கம் கூடிக்கொண்டே போனதைக் கவனித்தேன். அவருடைய வாழ்க்கையில் அவ்வளவு நாள் ஒட்டிக்கொண்டவர்கள் அந்தப் பழைய குடும்பத்துக்குப் பிறகு நாங்கள்தான்.

அவர் பயந்தது நடந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் மோட்டாரைப் போட்டுவிட்டு டி.வி. முன் உட்கார்ந்துவிட்டார். மாடித் தொட்டி நிரம்பி வழிந்து, டீச்சர் சர்ச்சுக்காகத் துவைத்துக் காயப்போட்டிருந்த வெள்ளைத் துணிகள்மேல் கொட்டியது. தெருவில் குடத்தோடு ஜனங்கள் வரிசையில் நிற்கிற நேரம். டீச்சர் வெளியே வந்து, ரொம்ப நாள் இருந்தா இப்படித்தான் ஆகும் என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. கோமதிக்கு அது போதுமானதாக இருந்தது.

பேச்சு நின்றது. ஒரே சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இருந்துகொண்டு, முன்போர்ஷனுக்குப் புதிதாக வந்திருந்த ஒரு சாதுவான தபால் அலுவலக ஊழியர் மூலம் பேசிக்கொண்டார்கள். கேட்டைச் சாத்தச் சொல்லுங்கள் என்பதை அவர் சுற்றிக்கொண்டு வந்து சொல்வார், சாத்தியாகிவிட்டது என்று திரும்பிப் போய்ச் சொல்வார். மாசி வருவதற்குள்ளேயே அந்த மனிதர் தானாக வேறு வீடு பார்க்க ஆரம்பித்தார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் பரிமாறினோம். டீச்சர் கரண்டியை எங்கள் கையில் தராமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

கீழ்க்கட்டளையில் வாங்கிப் போட்டிருந்த மனையில் அதற்குள் ஒரு சின்ன வீட்டை எழுப்பியிருந்தோம். பூச்சு வேலை முடியவில்லை. முடிய வேண்டாம், போய்விடலாம் என்றாள் கோமதி. அன்று அவள் டீச்சரின் வாசலில் போய் நின்று, எத்தனையோ வாரத்துக்குப் பிறகு நேராகப் பேசினாள்.

"டீச்சர், நாங்களே உதிர்றோம்."

டீச்சர் படித்துக்கொண்டிருந்த பேப்பரை இறக்கினார். காலி பண்ணுவது அவருக்கு உறைத்த மாதிரியே தெரியவில்லை.

"அப்படி ஒண்ணு கிடையாது" என்றார். கண்டிப்பான, வகுப்பறைக் குரல். "உட்காரு. நான்தான் அனுப்பணும்."

சமையலறைக்குப் போனார். மாவு இருந்ததா, கரைத்தாரா தெரியாது, மதியம் வரைக்கும் எண்ணெய் சத்தம் கேட்டது. அச்சு முறுக்குத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்து, எல்லோரிடமும் சொல்கிற மாதிரியே, ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க, போயிட்டு வாங்க என்றார். கோமதி தட்டை வாங்கிக்கொண்டாள். தாஸ் வந்து பீரோவைக் கட்டினார். ரெண்டு நடை ஆயிற்று.

கீழ்க்கட்டளை வீட்டில் பால் காய்ச்சிய மறு ஞாயிற்றுக்கிழமை, மேடவாக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கி, புழுதியில் வழி கேட்டுக் கேட்டு டீச்சர் வந்து சேர்ந்தார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே நுழைந்ததும் செருப்பைக்கூடச் சரியாக விடாமல், "இவ்வளவு நாளா உன்கிட்ட பேசாம எனக்குப் பைத்தியமே பிடிச்சிடுச்சு" என்று கோமதியிடம் ஆரம்பித்தார். மகன் மஸ்கட்டில் கல்யாணம் செய்துகொண்டது, சர்ச்சில் ஆர்மோனியம் கெட்டுப்போனது, முன்போர்ஷன் தபால் ஆபீஸ்காரர் வீடு மாறியது, அந்த மோட்டார் விஷயம், எல்லாவற்றையும் அடுப்படியில் உட்கார்ந்து சொன்னார். கோமதியும் தன் பங்குக்குச் சொன்னாள். நான் ரெண்டு முறை காபி போட்டேன். மகள் தூங்கிப்போனாள்.

வெயில் இறங்கியதும், பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டுவந்து விடுகிறேன் டீச்சர் என்று எழுந்தேன். அவர் எழவில்லை. திறந்திருந்த கதவு வழியாக வெளியே பார்த்தார். பூசாத மதில், ஜல்லிக் குவியல், அதற்கப்பால் வெறும் பொட்டல், தூரத்தில் ஏரி. எங்கள் மனையில் ஒரு செடிகூட வைத்திருக்கவில்லை.

"என்ன மரம் இருக்கு உங்க வீட்ல?" என்று கேட்டார்.

ஒன்றும் இல்லை என்றேன்.

"அப்புறம் என்னை எப்படி அனுப்புவீங்க?"

கோமதி சிரித்துவிட்டாள். டீச்சர் சிரிக்கவில்லை. துணிப்பையைப் பிரித்து, மாற்றுப் புடவையையும் பல் விளக்கும் பிரஷ்ஷையும் எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தார். கோமதி என்னிடம் திரும்பி, நாளையிலிருந்து அரை லிட்டர் பால் கூடுதலாகச் சொல்லிவிடுங்கள் என்றாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பால்காரரைத் தேடிப் போனேன்.